பழைய வால்வு ரேடியோ, மைக் செட் ஆம்ப்ளிஃபயருக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? உள்ளே 'சிவப்பு பாதரசம்' இருக்கிறதா?

"பழைய வால்வு ரேடியோ இருக்கா? என்ன விலை சொன்னாலும் எடுத்துக்கிறோம்." வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் இப்படி ஒரு செய்தி அவ்வப்போது சுற்றி வரும். அதைப் பார்த்ததும் தாத்தா காலத்து ரேடியோவைப் பரணில் இருந்து இறக்கித் தூசி தட்டுபவர்கள் உண்டு. உள்ளே ஏதோ விலை உயர்ந்த பொருள் இருப்பதாக நம்பி, ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாழாக்குபவர்களும் உண்டு.

இன்னொரு பக்கம், இதே பழைய செட்டுகளைப் பாடவைத்துப் பார்ப்பதற்காகவே தேடி வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் கன்னிவாடி போன்ற ஊர்களில் ஒரு காலத்தில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் ஊருக்கு அறிவித்தது வால்வு ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும்தான். அந்த மிச்சம்தான் இன்று காயலான் கடையில் எடைக்குப் போகிறது, அல்லது யாரோ ஒருவர் கையில் மறுபடி உயிர் பெறுகிறது.

வால்வு என்றால் என்ன, அதற்கு ஏன் இந்த மவுசு, சிவப்பு பாதரசக் கதை உண்மையா, பழைய செட்டை உயிருக்கு ஆபத்து இல்லாமல் எப்படிச் சரி செய்வது? பார்க்கலாம்.

வால்வு என்பது என்ன?

காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குப்பிதான் வால்வு. உள்ளே ஒரு சிறு இழை சூடாகி, அதைச் சுற்றியுள்ள கேத்தோடில் இருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே இருக்கும் உலோகத் தகட்டுக்கு அதிக வோல்டேஜ் கொடுத்தால் அவை அங்கே பாயும். நடுவில் இருக்கும் மெல்லிய கம்பி வலையில் சின்ன சிக்னலைக் கொடுத்தால், அந்தப் பாய்ச்சல் கூடிக் குறையும். வாய்க்கால் மடையைத் திறந்து மூடுவது போல. சின்ன சிக்னல் பெரிய சிக்னலாவது இப்படித்தான்.

இங்கிலாந்தின் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1904ல் இரண்டு முனை வால்வை உருவாக்கினார். அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் 1906ல் அதில் மூன்றாவது முனையைச் சேர்த்தார். 1947ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் வந்தது. ஆனாலும் நம் ஊரில் அதன் பிறகும் பல ஆண்டுகள் வால்வுதான் ராஜா. பெங்களூருவில் உள்ள பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ், ரேடியோ வால்வு உற்பத்தியைத் தொடங்கியதே 1961ல்தான். அங்கே தயாரான பெல் முத்திரை வால்வுகள் இன்றும் பழைய செட்டுகளில் பல்லைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன.

ரேடியோவும் மைக் செட்டும் ஊருக்குள் வந்த கதை

சுதந்திரம் கிடைத்தபோது இந்தியாவுக்கு மிஞ்சிய அகில இந்திய வானொலி நிலையங்கள் மொத்தம் 6. அதில் இரண்டு நம் பக்கம்: 1938ல் தொடங்கிய சென்னை, 1939ல் தொடங்கிய திருச்சி. திண்டுக்கல் சமவெளிக்குத் திருச்சிதான் பக்கம்.

மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், ஜிஇசி, ஹெச்எம்வி, நேஷனல் எக்கோ என்று மரப்பெட்டி ரேடியோக்கள் வசதியானவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தன. வீட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீஸில் ஆண்டுதோறும் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் வில்லை ஒட்டி முத்திரை வாங்க வேண்டும். இந்த நடைமுறை 1980களில்தான் ஒழிந்தது. இப்போது பழைய ரேடியோ வைத்திருக்க எந்த லைசென்ஸும் தேவையில்லை. அந்தப் புத்தகத்தையே தனியாகச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ. சாவடியிலோ பூங்காவிலோ செட்டை வைத்து, மேலே ஒரு குழாயைக் கட்டி, சாயங்காலம் போட்டுவிடுவார்கள். மின்சாரம் எட்டாத இடங்களுக்கு பேட்டரி வால்வு செட்டுகள் இருந்தன. வால்வைச் சூடாக்க ஒன்றரை வோல்ட், தகட்டுக்கு 90 வோல்ட் என்று செங்கல் சைஸில் பேட்டரி. அது தீர்ந்தால் ரேடியோ ஊமை.

1952ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் இல்லாமல் போனது. அந்த இடத்தைப் பிடித்தது இலங்கை வானொலி. தமிழ்நாட்டில் வால்வு ரேடியோவை நினைவு வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.ஹெச். அப்துல் ஹமீது என்று இலங்கை அறிவிப்பாளர்களாகவே இருப்பது இதனால்தான். டெல்லி விழித்துக்கொண்டு விவித பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபரில்.

மைக் செட் இதற்கு இணையாக வளர்ந்த தனி உலகம். வால்வு ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், ஒரு மைக், இரண்டு குழாய். டெல்லியைச் சேர்ந்த அஹூஜா நிறுவனத்தின் செட்டுகள் தமிழ்நாட்டு சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் ஏறக்குறைய இந்தத் தொழிலுக்கே மறுபெயராக ஆகிவிட்டன. முத்தாலம்மன் திருவிழாவுக்குக் கம்பத்தில் குழாய் கட்டிய நேரத்தில் இருந்து ஊரே விழாக்கோலம் பூண்டுவிடும். அதனால்தான் இன்றைக்கு இங்கே வால்வு செட் சேகரிப்பவர்களில் கணிசமானோர் சவுண்ட் சர்வீஸ் குடும்பங்களில் இருந்து வந்தவர்கள். மேல்நாட்டில் இது பணக்காரர்களின் ஹைஃபை மோகம். நம்மிடம் அது தொழிலின் நினைவு.

30 வாட்ஸ் செட் பக்கத்து ஊருக்கே எப்படிக் கேட்டது?

இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் ஆயிரக்கணக்கான வாட்ஸ் போடுகிறார்கள். அன்றைய வால்வு செட்டுகள் 25, 30, 50 வாட்ஸ்தான். ஆனால் சத்தம் இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டிக் கேட்டது.

காரணம் ஆம்ப்ளிஃபயர் அல்ல, குழாய். சாதாரண ஸ்பீக்கர், தனக்குக் கிடைக்கும் மின்சக்தியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் சத்தமாக மாற்றும். குழாய் வடிவம் அதைப் பல மடங்கு ஆக்குகிறது. ஒரு வாட்ஸிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபலைத் தாண்டிவிடும். அதோடு, ராத்திரியும் விடியற்காலையும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி மேலே போகாமல் தரைப்பக்கம் வளையும். அதிகாலை நாலரை மணி பக்திப் பாட்டு அடுத்த ஊர்க்காரர் தூக்கத்தைக் கெடுத்ததன் பௌதிகம் இதுதான். (இப்போது ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி போடத் தடை இருக்கிறது. வால்வு செட்டுக்கும் இது பொருந்தும்.)

வால்வு சத்தம் உண்மையிலேயே இனிமையா? சேகரிப்பவர்களிடம் கேட்டால் சண்டைக்கே வருவார்கள். அளந்து பார்த்தால், நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் ஒலிதான் சுத்தமானது. வால்வு செட் சிக்னலோடு தன் பங்குக்குக் கொஞ்சம் கலக்கிறது. ஆனால் அந்தக் கலப்பு காதுக்கு உறுத்தாத வகை. சத்தத்தை எல்லை மீறி ஏற்றினாலும் டிரான்சிஸ்டர் போலச் சட்டென்று கரகரக்காமல் மெதுவாக மழுங்கும். ஆக, 'இனிமை' பொய் இல்லை. 'துல்லியம்' என்று சொன்னால்தான் பொய்.

சிவப்பு பாதரசம்: கோடி ரூபாய் கட்டுக்கதை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசித்தால் போதும் என்றால், அது இந்தப் பகுதிதான்.

பழைய வால்வு ரேடியோ, டிவிக்குள் ஒரு சின்னக் குப்பியில் 'சிவப்பு பாதரசம்' இருக்கிறது, அதன் விலை லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் என்று பரப்புகிறார்கள். பூண்டைக் காட்டினால் விலகும், தங்கத்தைக் காட்டினால் ஒட்டும், கண்ணாடியில் பிம்பம் விழாது என்று 'சோதனை' வீடியோக்களும் உலவுகின்றன.

அப்படி ஒரு பொருளே கிடையாது. சர்வதேச அணுசக்தி முகமையின் செய்தித் தொடர்பாளரே 2004ல் இதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கினார். இந்த வதந்தி ரேடியோவில் தொடங்கியதும் அல்ல. பனிப்போர்க் காலத்து அணுகுண்டுப் புரளியாகக் கிளம்பி, 2009ல் சவூதி அரேபியாவில் பழைய சிங்கர் தையல் மெஷினுக்குள் இருப்பதாகக் கிளப்பி விடப்பட்டு, அங்கே தையல் மெஷின் விலை தாறுமாறாக ஏறியது. பிறகு ரேடியோவுக்கும் டிவிக்கும் தாவியது.

அப்படியானால் வால்வுக்குள் என்னதான் இருக்கிறது? நிக்கல், டங்ஸ்டன் போன்ற உலோகங்கள், கேத்தோடு மீது பேரியம் கலந்த பூச்சு, குப்பியின் உச்சியிலோ பக்கத்திலோ கண்ணாடி போல மின்னும் வெள்ளிநிறப் பூச்சு. பாதரசம் என்று பலர் நினைப்பது இந்தப் பூச்சைத்தான். அதுவும் பேரியம்தான். உள்ளே மிஞ்சிய காற்றை உறிஞ்சுவது அதன் வேலை. பாதரச ஆவி கொண்ட சிலவகை ரெக்டிஃபயர் வால்வுகள் இருந்தது உண்மை. ஆனால் அவை பெரிய டிரான்ஸ்மிட்டர்களுக்கானவை, வீட்டு ரேடியோவில் வராது. உள்ளே இருந்ததும் சாதாரண வெள்ளிநிறப் பாதரசம், நச்சுப் பொருள்.

உண்மையில் சிவப்பாக இருக்கும் பாதரசப் பொருள் ஒன்று உண்டு. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம். சித்த மருத்துவத்தில் பழகிய சரக்கு. அதற்கு யாரும் கோடி கொடுப்பதில்லை. போகர், நவபாஷாணம் என்று பாதரசக் கதைகளோடு வளர்ந்த பழனி பக்கத்து ஊர்களில் இந்த வதந்தி சுலபமாக ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

மோசடி நடக்கும் விதம் எளிது. பெரிய விலை சொல்வார்கள். பிறகு 'டெஸ்ட் பண்ண ஆள் வரணும், அதுக்கு முன்பணம் கட்டுங்க' என்பார்கள். பழைய பொருளை விற்பவரிடமே பணம் கேட்டால் அந்த நொடியில் போனை வைத்துவிட வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

காயலான் கடை, வீடு இடிக்கும் இடம், தொழிலை விட்ட சவுண்ட் சர்வீஸ்காரர், காரைக்குடி பழம்பொருள் கடைகள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் என்று இவை கிடைக்கும் இடங்கள் பல. விலைக்கு வரையறை கிடையாது. பளபளப்பான பெட்டியைப் பார்த்து ஏமாறக் கூடாது.

முதலில் டிரான்ஸ்ஃபார்மர்களைப் பாருங்கள். மெயின் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, ஸ்பீக்கருக்கு முந்தைய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. இவை கருகியிருந்தால் மறுபடி காயில் சுற்ற வேண்டும். அந்தக் கணக்குத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். வால்வு போனால் மாற்றலாம், கண்டென்சர் போனால் மாற்றலாம். டிரான்ஸ்ஃபார்மர் போனால்தான் தலைவலி. மூக்கை வைத்துப் பாருங்கள், கருகல் வாடை பல வருஷம் ஆனாலும் போகாது.

அடுத்து வால்வின் வெள்ளிப் பூச்சு. மின்னினால் நம்பிக்கை உண்டு. பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம், அந்த வால்வு தேறாது. ஒலி அளவு குமிழைத் திருப்பினால் கரகரப்பது, டயல் நூல் அறுந்திருப்பது எல்லாம் சில்லறை வேலை. கரையான் அரித்த மரப்பெட்டியும், எலி கடித்த ஸ்பீக்கர் கோனும் அப்படி அல்ல.

'ஓடுதான்னு பார்ப்போம்' என்று ப்ளக்கில் சொருகாதீர்கள்

பழைய செட்டுகள் சாவது பெரும்பாலும் இந்த ஒரு நிமிஷத்தில்தான். முப்பது நாற்பது வருஷம் பரணில் கிடந்த செட்டில் கண்டென்சர்கள் கெட்டிருக்கும். குறிப்பாக, மெழுகு தோய்த்த காகிதக் கண்டென்சர்கள். அவுட்புட் வால்வின் வலைக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் கசிந்தால், வால்வு கட்டுப்பாடு இழந்து தகடு செக்கச் சிவக்கும். பின்னாலேயே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். சில ரூபாய்க் கண்டென்சரை மாற்றாததற்கு இவ்வளவு பெரிய தண்டனை.

உயிருக்கும் ஆபத்து உண்டு. ரேடியோவில் 250 வோல்ட் டிசி சாதாரணம். மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் 400 வோல்ட்டைத் தாண்டும். 807 போன்ற வால்வுகளில் தலையில் இருக்கும் உலோகத் தொப்பியிலேயே அந்த வோல்டேஜ் நிற்கும். செட்டை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி இருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள வயரில் கட்டி, சில விநாடிகள் வைத்து அதை வடிக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஸ்குரூ டிரைவரால் டப்பென்று ஷார்ட் பண்ணுவது வீரம் இல்லை.

அனுபவஸ்தர்கள் ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். இரண்டு கைக்கும் நடுவே இதயத்தின் வழியாக மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக.

இதைவிட மோசமான பொறி ஏசி-டிசி செட். மெயின் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் நேரடியாகக் கரண்டில் ஓடும் விலை குறைந்த ரேடியோக்கள் இவை. வால்வின் பெயர் யு என்று தொடங்கினால் (யுசிஎல்82, யுஒய்85) சந்தேகப்படுங்கள். ப்ளக்கைத் திருப்பிச் சொருகினால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலே ஷாக். இந்த செட்டில் செல்போனை வயரால் இணைத்துப் பாட்டுப் போடவே கூடாது. பிரித்துக் காட்டும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பழுதும் பார்க்கக் கூடாது.

சரியான வரிசை இதுதான். முதலில் தூசியைப் பிரஷ்ஷால் எடுத்து, எலி கடித்த வயர்களை மாற்றுவது. பிறகு காகிதக் கண்டென்சர்களை எடுத்துவிட்டு 630 வோல்ட் பாலியஸ்டர் வகை போடுவது. காய்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக்கை மாற்றுவது. 'ம்ம்ம்' என்ற ஹம் சத்தம் பெரும்பாலும் அதில் இருந்துதான் வரும். இங்கே 'பெரிசா போட்டா நல்லது' என்று 220 மைக்ரோஃபாரட் போடுவது நம்மவர் பழக்கம். அது ரெக்டிஃபயர் வால்வைக் கொன்றுவிடும். இஇசட்80 வால்வுக்குத் தயாரிப்பாளர் சொன்ன எல்லையே 50 மைக்ரோஃபாரட்தான். ரெசிஸ்டர்களை அளந்து, அதிகம் விலகியவற்றை மட்டும் மாற்றலாம்.

அதன் பிறகே கரண்ட். அதுவும் சீரிஸ் லாம்ப் வழியாக. 100 வாட்ஸ் குண்டு பல்பை செட்டோடு தொடராக இணைத்துப் போட்டால், எல்லாம் சரியாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கும். மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட், அணைத்துவிட வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. செட்டின் பின்னால் வோல்டேஜ் மாற்றும் கட்டை இருந்தால் 220ல் விடாமல் 240 அல்லது 250க்கு மாற்றுங்கள்.

ஆம்ப்ளிஃபயருக்குக் கூடுதலாக ஒரு விதி: ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரில் பாட்டுப் போடக் கூடாது. டிரான்சிஸ்டர் செட்டுக்கு அது பரவாயில்லை. வால்வு செட்டில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளுக்குள்ளே பொறி பறக்கும். குழாயை 100 வோல்ட் லைனில் இணைக்கிறோமா, 8 ஓமில் இணைக்கிறோமா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐஎஃப் காயிலில் இருக்கும் திருகுகளை மட்டும் தொடாதீர்கள். எல்லாத் திருகையும் 'டைட்' பண்ணிவிட்டு வந்த ரேடியோக்கள்தான் மெக்கானிக்குகளின் சாபம். சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் அதை மீட்க முடியாது.

வால்வு இன்னும் கிடைக்கிறதா?

சிலது புதிதாகவே கிடைக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் இன்றும் வால்வு ஆம்ப்ளிஃபயரை விடவில்லை. அவர்கள் புண்ணியத்தில் இஎல்34, இஎல்84, 6எல்6, 6வி6, இசிசி83 போன்றவை ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவில் தயாராகின்றன. அதாவது மைக் செட் ஆம்ப்ளிஃபயருக்குப் பிரச்சினை குறைவு.

ரேடியோவுக்குத்தான் கஷ்டம். ஸ்டேஷன் பிடிக்கும் இசிஹெச்81, பச்சைக் கண்ணாக ஒளிரும் இஎம்84 எல்லாம் யாரும் புதிதாகச் செய்வதில்லை. பழைய கடைகளில் டப்பாவோடு தூங்கும் சரக்குதான். பச்சைக் கண் மங்கிவிட்டால் மங்கியதுதான். அதனால் ஓடாத செட்டையும் தூக்கிப் போடாமல் வால்வுக்காக வைத்திருப்பது சேகரிப்பவர்களின் பழக்கம். உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு ப்ளூடூத் கிட் வைத்து 'விண்டேஜ் ஸ்பீக்கர்' என்று விற்பது இப்போது பெருகியிருக்கிறது. வியாபாரத்துக்கு லாபம். ஆனால் அப்படிப் பிடுங்கப்பட்ட ஒவ்வொரு செட்டோடும், யாருக்கோ தேவைப்படும் காயிலும் கேங் கண்டென்சரும் குப்பைக்குப் போகின்றன.

சரி பண்ணினால் என்ன கேட்கும்?

கன்னிவாடியில் இருந்துகொண்டு வால்வு ரேடியோவில் கோடை பண்பலை கேட்க ஆசைப்பட்டால் நடக்காது. மலை மேலே பக்கத்திலேயே இருக்கும் கொடைக்கானல் நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம். நம் ஊர் வால்வு செட்டுகளில் பெரும்பாலானவை மீடியம் வேவ், ஷார்ட் வேவ் மட்டுமே பிடிக்கும். திருச்சியை 936 கிலோஹெர்ட்ஸில் கேட்ட காலம் போல இப்போது இல்லை. நாடு முழுக்க மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் பல மூடப்பட்டுவிட்டன. இருப்பதைக் கேட்கவும் எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் கிளப்பும் இரைச்சல் விடாது. ராத்திரி கரண்ட் சாதனங்களை அணைத்துவிட்டு, மாடியில் இருபது முப்பது அடி வெளி ஏரியல் இழுத்தால் தூரத்து நிலையங்கள் வரும்.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டாக இருந்தால் இன்னொரு வழி, பின்னால் இருக்கும் பிக்அப் துளை. அந்தக் காலத்தில் கிராமஃபோன் இணைக்க வைத்தது. போனின் இரண்டு சேனலையும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒன்று சேர்த்து அதில் கொடுத்தால் பாட்டு வரும். அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும், வால்வு சூடாக.